சின்னம்மாளின் இடது கன்னம்

குன்னம் பக்கத்துப் பருத்திக் காடுகளில் சின்னம்மாள் இருபத்திரண்டு வருஷமாகப் பஞ்சு எடுக்கிறாள். இரண்டு கையும் செடியில் இருக்கும், வாய்தான் சும்மா இருக்கும். அதனால் முதல் சாலில், அதாவது முதல் செடி வரிசையில், இறங்கும்போதே புகையிலையையும் சுண்ணாம்பையும் இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். காரம் செத்தால் சால் முடியப்போகிறது என்று அர்த்தம். கூட எடுக்கும் பெண்களுக்கும் அதுதான் அளவு.

எட்டு மாதத்துக்கு முன் அந்தக் கன்னத்தில் ஒரு புண் வந்தது. சின்னம்மாள் புகையிலையைப் புண்ணின் மேலேயே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இடம் மரத்துப்போகும், வலி தெரியாமல் வேலை ஓடும். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் மேகலா, காலையில் களிம்பு தடவிவிட்டு பஸ் ஏறுவாள். பஸ் திரும்பியதும் இவள் களிம்பைத் துடைத்துவிட்டுப் புகையிலையை வைப்பாள்.

வெள்ளைத் திட்டு படர்ந்த பிறகு மேகலா அவளைப் பெரம்பலூரில் டாக்டர் சண்முகப்பிரியாவிடம் கூட்டிப் போனாள். புகையிலைப் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். மகள் பக்கத்திலேயே நின்றாள். அவள் தலையில் கை வைத்து, விட்டுவிட்டேன் என்று சின்னம்மாள் சத்தியம் செய்திருந்தாள். இப்போது எப்படி மாற்றிச் சொல்வது?

"வுட்டு ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

சதையில் துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் சின்னம்மாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். பொய்ச் சத்தியம் மகளைத் தாக்குமா, தன்னைத் தாக்குமா என்பதே நினைப்பு. அப்போதும் புகையிலையை விடவில்லை. பயத்துக்கும் அதுதான் மருந்தாக இருந்தது.

பதினோராம் நாள் டாக்டர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் செல்கள் அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டன என்றார்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கெணத்து மோட்டாரு சுவிட்சு மாதிரி ஒரு புரதம் இருக்குங்கம்மா. என்.எஃப். கப்பா பி-ன்னு பேரு. காயம் பட்டா அது மரபணுவுல போய் உக்காந்து, 'வளரு, பெருகு, சாவாத'ன்னு உத்தரவு போடும். காயம் ஆறினதும் அணையணும். அணையாம நாள் கணக்கா ஓடுனா, சாக வேண்டிய கெட்ட செல்லும் சாவாது, பெருகிக்கிட்டே போவும். அதுதான் கட்டியாவும்."

பேனாவை மூடினார்.

"ரெண்டு வருஷமா ஒண்ணும் படாத கன்னத்துல யாருங்கம்மா மோட்டாரப் போட்டுக்கிட்டே இருக்கறது? காரணம் தெரியலன்னா அகலமாத்தான் வெட்டி எடுக்கணும்."

சின்னம்மாள் மகளின் தலை வகிட்டைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த புகையிலைச் சுருக்குப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நாந்தாங்க. நேத்து வரைக்கும்."

மேகலா வெளியே போய்விட்டாள். டாக்டர் திட்டவில்லை. ஆறு வாரம் அந்த இடத்தில் எதுவும் படக்கூடாது, அதற்கு மேல் காத்திருக்க முடியாது, அப்போது பார்த்து எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்யலாம் என்றார்.

காட்டில் வலி முழுசாக வந்தது. இத்தனை நாள் மரத்துக் கிடந்ததெல்லாம் சேர்ந்து எரிந்தது. ஆறுகிறதா, முற்றுகிறதா என்று தெரியவில்லை. வாயில் காரம் இல்லாததால் சால் முடிந்ததும் தெரியவில்லை. ஒருநாள் வரப்பைத் தாண்டி நடந்துவிட்டாள்.

"ஏண்டி, அடுத்தவன் காட்டுப் பஞ்சையும் சேத்து எடுக்கப் போறியா?" என்று பக்கத்துச் சாலில் எடுத்த சிந்தாமணி சிரித்தாள். பிறகு இரக்கப்பட்டு ஒரு கிள்ளு புகையிலை நீட்டினாள். சின்னம்மாளின் கை அதை வாங்கிவிட்டது. விரலிடுக்கில் வைத்துக்கொண்டே பாதிச் சால் எடுத்தாள். அப்புறம் மண்ணில் போட்டு மிதித்தாள்.

ஆறாவது வாரம் டாக்டர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். புண் மூடியிருந்தது. திட்டு நகம் அளவுக்குச் சுருங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. அதை மட்டும் எடுத்தால் போதும், அடுத்த வாரம் செய்துவிடலாம், அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், உறுதி எதுவும் தர முடியாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆறு வாரமாகச் சரியாகப் பேசாத மேகலா திடீரென்று திரும்பினாள்.

"வாயில என்ன?"

"ஒண்ணுமில்லடி."

"காட்டு."

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் வாயை அகலத் திறந்தாள்.