தங்கைக்குப் போட்ட கணக்கு

புற்றுக்கட்டி எப்படி வளர்கிறது, அதன் செல்கள் எப்படி இடம்பெயர்கின்றன என்று சமன்பாடு எழுதுவதுதான் அழகியநம்பிக்கு வேலை. திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாத வேலை. சாலை பஜாரில் பலசரக்கு விற்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியும்? 'கேன்சருக்குப் படித்தவர்' என்று சொல்லிவிட்டார்கள். அவரும் மறுத்ததில்லை. காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

தங்கை முத்தாரம்மாளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அவள் மகள் மீனுவுக்கோ மூன்று மாதம் கழித்துத் தையில் கல்யாணம். மண்டபம், சமையல்காரர் எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஸ்கேன் கவர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எண்ணே, நீ இதத்தான படிச்சிருக்க? தை கழியட்டும்ணு வச்சா ஆபத்தா? கணக்குப் போட்டுச் சொல்லு, கேட்டியா."

அவருடைய சமன்பாட்டில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று செல்கள் பெருகுவதைச் சொல்வது. மற்றது, அவை கட்டியை விட்டுக் கழன்று நகர்வதைச் சொல்வது. தங்கை கொண்டுவந்த ஸ்கேன்களில் கட்டியின் அளவுதான் இருந்தது, நகர்வதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தகவல் இல்லாத பகுதியைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கணக்கை ஓட்டிப் பார்ப்பது இவர்கள் தொழிலில் வழக்கம். கட்டுரையாக இருந்தால், 'செல்கள் இடம்பெயரவில்லை என்று கொள்கிறோம்' என்று தவறாமல் ஒரு வரி எழுதியிருப்பார். முகம் தெரியாத வாசகருக்குக் காட்டும் அந்த மரியாதையைக் கூடப்பிறந்தவளுக்குக் காட்ட அவருக்குத் தோன்றவில்லை.

"மெதுவாத்தான் வளருது. தை கழியும்போ ரெண்டு மில்லிமீட்டர் கூடியிருக்கும், அவ்வளவுதான். கல்யாணம் கழிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனா மதி. பேடிக்காத, பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார்.

முத்தாரம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பந்தியில் எல்லோரையும் விழுந்து விழுந்து கவனித்தாள். கல்யாணம் முடிந்து எடுத்த ஸ்கேனில், கட்டி அவர் சொன்ன அளவேதான் இருந்தது. அதைப் பார்த்ததும் அழகியநம்பிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. அடுத்த பரிசோதனையில், முதுகெலும்பு வரை பரவியிருப்பது தெரிந்தது. முன்பே வந்திருந்தால் தப்பியிருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

முத்தாரம்மாளோ பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் சொன்னதுக்கு மேல கட்டி ஒரு துளி வளரல்ல" என்று படுத்தபடியே பெருமையடித்தாள். பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி தனக்கும் மார்பில் கட்டி என்று வந்து கண்கலங்கியபோது, அருகில் இருந்த அண்ணனைக் காட்டி அவரிடம் கேட்கச் சொன்னாள். மகன் பரீட்சை முடிந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா என்று இசக்கிசெல்வி கேட்டாள்.

"வேண்டாம், இன்னைக்கே போங்க! கணக்கொண்ணும் கேக்காண்டாம். டாக்டர் சொல்லுகதச் செய்யுங்க."

அவர் போட்ட சத்தத்தில் இசக்கிசெல்வி பதறி எழுந்து போனாள். முத்தாரம்மாள் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ எனக்கு மட்டும் எதுக்குண்ணே கல்யாணம் கழியட்டும்ணு சொன்ன?"