முகத்துவாரம் வெட்டக் கொழும்புக்குப் போனோம்

கொழும்பில் மழை பெய்தால் குடையைத் தேடுவார்கள். எங்கள் கல்முனைப் பக்கத்தில் மண்வெட்டியைத் தேடுவோம். மார்கழி மழைக்கு வட்டை முழுவதும், அதாவது எங்கள் வயல்வெளி முழுவதும், வெள்ளம் நிற்கும். அது வடிந்து கடலில் விழ வேண்டிய வாயைத்தான் முகத்துவாரம் என்போம். கடல் அந்த வாயை மணல் தள்ளி அடைத்து வைத்திருக்கும். வருடா வருடம் வட்டவிதானை, வயல் தண்ணீரின் விவகாரங்களைப் பார்ப்பவர், இருபது முப்பது பேரைக் கூட்டிப்போய் அந்த மணலை வெட்டிவிடுவார். ஸுபஹு தொழுதுவிட்டு இறங்கினால் லுஹருக்கு, நடுப்பகல் தொழுகைக்கு, முன்பே வெள்ளம் கடலுக்குள் பாயும். இதற்காக யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிமேல் முகத்துவாரம் வெட்டுவதென்றால் கொழும்பின் எழுத்து மூல அனுமதி வேண்டுமாம். எங்கள் மணலைக் கண்ணால் காணாத மனிதருக்கு அதில் என்ன அக்கறை என்று வட்டவிதானை கேட்டார். கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டார். அவரைத் தடுத்தவன் நான்.

நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். ஆசிரிய கலாசாலையில் படித்துவிட்டு வந்தவன், ஊரில் களிசான் என்கிற முழுக்கால்சட்டை போடும் நாலைந்து பேரில் ஒருவன். பள்ளிவாசல் முன்றலில் நின்று, சட்டத்தை மதிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளாசித் தள்ளினேன். மனு எழுதுகிறேன், நானே கொண்டு போகிறேன், மூன்று நாளில் கடிதத்தோடு வருகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், புதிதாக ஒரு களிசான் தைத்து வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர், என் மச்சான், அந்த முறை விதைநெல் முழுவதையும் விதைத்துவிட்டிருந்தார். பயிர் ஒரு கிழமைக்கு மேல் நீருக்குள் கிடந்தால் அழுகிப் போகும். மறுபடி விதைக்க வீட்டில் ஒரு மரைக்கால் நெல்லும் இல்லை. அவருக்குச் சுற்றறிக்கையில் நம்பிக்கை இல்லை, என்னில் இருந்தது. மச்சான் சொன்னால் சரி என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு மனுவில் முதல் ஆளாகப் பெருவிரலைப் பதித்தார். வயல்காரன் என்று காட்ட அவரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

கொழும்பில் முதலில் எங்கள் எம்.பி.யின் வீட்டுக்குப் போனோம். தேர்தல் காலத்தில் ராத்தாவின் வீட்டுப் பாயில் குந்தி, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று கேட்டு மீன் ஆணம் ஊற்றித் தின்றவர். பகல் பதினொரு மணிக்கு அவர் தூங்குகிறார் என்று வேலைக்காரன் சொன்னான். மனுவைக் கந்தோரில், அரசாங்க ஆபீசில், கொடுக்கச் சொன்னார் என்றும் அவனே வந்து சொன்னான். தூக்கத்தில் சொல்லியிருப்பார்.

கந்தோரில் மனுவை வாங்கிக்கொண்டு, நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாளும் நாளைக்கு என்றார்கள். சுவரில் ஒரு வயல்காரனின் படம் தொங்கியது. சேறு ஒரு பொட்டும் படாமல் மாட்டுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். இவருக்கு எந்த வட்டை என்று மச்சான் என்னிடம் மெதுவாகக் கேட்டார். உள்ளே நாலு கிளாக்கர்மார், நாட்டுப்புறத்து மக்களை எந்த மொழியில் ஆள வேண்டும் என்று காரசாரமாகத் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நாட்டுப்புறத்தார் இருவர் வாசலில் கால் கடுக்க நிற்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள், எங்கள் தமிழ் மனுவை இங்கிலீசுக்கு மாற்றிய கிளாக்கர் எங்களைக் கூப்பிட்டார்.

"முகத்துவாரத்துல எந்த ரோட்ட வெட்டணும்?"

கொழும்பில் முகத்துவாரம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. வீடும் கடையும் பஸ்ஸும் உள்ள இடம். அந்த மனிதருக்கு உலகத்தில் ஒரேயொரு முகத்துவாரம்தான்.

"றோட்டில்ல ஐயா, மணல்" என்றார் மச்சான். "மணல வெட்டினாத்தான் எங்கட வட்டைத் தண்ணி போகும்."

கிளாக்கர் மச்சானை இரக்கத்தோடு பார்த்தார். முகத்துவாரத்தில் வயலே கிடையாது, தன் மாமியார் வீடு அங்கேதான் என்றார். நான் முன்னால் வந்து என் கலாசாலை இங்கிலீசில் விளக்கினேன். விளங்கிக்கொண்டார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் மொழிபெயர்த்த கடதாசி ஏற்கெனவே மேல்மாடிக்குப் போய்விட்டதாம். மேலே போனதை இறக்க முடியாது, அதுவாக இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். நான் அவருக்குத் தேங்க்ஸ் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது தண்ணீர் நின்று ஒன்பது நாள். அழுகிய பயிரின் நாற்றம் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. அன்று பின்னேரம் வட்டவிதானை யாரையும் கேட்காமல் ஆட்களைக் கூட்டிப்போய் மணலை வெட்டினார். பொலிசு வரவில்லை, கச்சேரி ஒன்றும் கேட்கவில்லை. வெட்டிய செய்தியே கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. என் பேச்சைக் கேட்காமல் முதல் நாளே வெட்டியிருந்தாலும் அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அந்த வருடம் முழுவதும் ராத்தாவின் வீட்டில் கூப்பன் அரிசிச் சோறு. வயல்காரனின் வீட்டில், கப்பலில் வந்து கொழும்பு அளந்து அனுப்பிய அரிசி. நான் போகும்போதெல்லாம் ராத்தா அதில் எனக்கும் போட்டுத் தருவாள். மச்சான் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வைகாசியில், வட்டை வெடித்துக் கிடந்த நாளில், மச்சான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். மனுவில் முதல் விரல் அவருடையது என்பதால் அவர் பேருக்கே வந்திருந்தது. இங்கிலீசில் இருந்ததை மனதுக்குள் வாசித்தேன். முகத்துவாரத்தில் ரோடு வெட்டும் விண்ணப்பம் பரிசீலிக்கப்படுகிறது, விண்ணப்பகாரர் அங்கே வசிப்பவர் என்பதற்கு அத்தாட்சி அனுப்பவும் என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மற்ற வாத்திமாருக்கு இதை எப்படிச் சொல்லிக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

மச்சான் வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். மடித்துக் கட்டியிருந்த சாரனை இறக்கிவிட்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், உங்கட ஆக்கள் என்ன எழுதிரிக்காங்க?"

ராத்தாவைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னை மச்சான் என்றல்லாமல் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.