கோதண்டபாணியின் வேண்டுதல்

எங்கள் தெருக் கோதண்டபாணிக்கு ரகசியம் பேச வராது. கே.ஜி.கண்டிகைச் சாலையில் இருந்த விசைத்தறிக் கொட்டகையில் வாலிபத்தில் நுழைந்தவர். தறிகளின் தடதடப்பில் காது போயே போய்விட்டது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். "அவரு குசுகுசுன்னு பேசினா அரக்கோணத்துக்கே கேக்கும்" என்று கிண்டல் செய்யாத ஆளில்லை, நான் உட்பட.

ஆனால் அந்த இரைச்சலில் ஒரு வசதி இருந்தது. வீட்டில் சொல்ல முடியாததைத் தறி ஓடும்போது வாய்விட்டுச் சொல்லலாம். பக்கத்துத் தறிக்காரனுக்கும் கேட்காது. கோதண்டபாணி முருகனிடம் முறையிட்டதெல்லாம் அங்கேதான். தங்கை வாழாமல் திரும்பி வந்தபோது, தறியில் நின்றபடியே கத்தி அழுதாராம்.

முதலாளி கொட்டகையை விற்றார். வாங்கிய அறக்கட்டளைக்காரர்கள் தறிகளைப் பெயர்த்துவிட்டு, கூரைக்கடியில் வெள்ளைப் பலகை அடித்து, ஏசி மாட்டி, கம்பளம் விரித்துத் தியான மண்டபமாக்கினார்கள். சிலை கிடையாது, மணி கிடையாது, நடுவில் ஒரு விளக்கு மட்டும். செருப்போடு பேச்சையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

போன ஆடியில் கோதண்டபாணியின் மனைவி மனோரமாவுக்கு வயிற்றுவலி. திருவள்ளூரில் டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு மகன் திலீப்பிடம் சொன்னதை, கோதண்டபாணி உதட்டிலிருந்தே படித்துவிட்டார். இனி அறுத்தும் பயனில்லை. அப்பனும் பிள்ளையும் வயிற்றில் புண் என்று அவளிடம் சாதித்தார்கள். தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். திலீப் என்னிடம் சொன்னதற்கே அவனை ஒரு வாரம் முறைத்தார்.

கிருத்திகையன்று மலைமேல் முருகன் கோயில் கூட்டத்தில் நிற்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால் மண்டபத்துக்கு அழைத்து வந்தார். கொட்டகை மண்டபமான பிறகு அவர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. தன் தறி இருந்த மூலையைத் தேடிப்போய் உட்கார்ந்தார், அவள் பக்கத்தில். நான் எதிர்ச் சுவரோரம் இருந்தேன். கண்ணை மூடினார். பழைய பழக்கத்தில் வாய் திறந்தது.

"முருகா, புண்ணுன்னு பொய் சொல்லிகினு கீறேன். கேன்சருன்னு அவளுக்குத் தெரியாதுப்பா. தை தாண்ட மாட்டான்னு டாக்டரு சொல்லிட்டாரு. வலியில்லாம இட்டுகினு போயிடு."

மனசுக்குள் சொல்வதாகத்தான் அந்த மனிதர் நினைத்திருப்பார். மண்டபம் முழுக்கக் கேட்டது. அமைதி காக்க நிற்கும் சினேகா என்ற பெண் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். கண் மூடியிருப்பவருக்கு அது எங்கே தெரியும்? ஓடிப்போய் அவர் வாயைப் பொத்த வேண்டும்போல் எனக்கு இருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மனோரமா அவர் முழங்கையைத் தொட்டாள். கண் திறந்தார். எல்லோரும் தங்களையே பார்ப்பதைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

அவள் சத்தமே இல்லாமல், அவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி உதட்டை அசைத்தாள்.

"டாக்டரு வேற இன்னா சொன்னாரு?"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் மறுபடியும் தொட்டாள். அவர் திறக்கவேயில்லை.