இடது, வலது, சந்தேகம்

என் கணவருக்குக் கார் ராலியில் பைத்தியம் என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. மர்பி டவுனில் சொந்த வீடு, தொழிற்சாலையில் டூல் ரூம் வேலை, குடி கிடையாது. தங்கவயலில் இருந்த எங்கள் வீட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கல்யாணமாகி வந்த பிறகுதான், சந்துக்குள் நுழைய முடியாமல் மெயின் ரோட்டில் நிற்கும் அந்தப் பழைய காரைப் பார்த்தேன். தொழிற்சாலையில் ரிட்டையர் ஆன ஒரு அதிகாரியிடம் வாங்கியதாம். வாரம் முழுக்க இவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு.

ராலி என்றால் ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது என்று நினைத்திருந்தேன். இவர் போனது வேறு வகை. காலையில் ஏதாவது ஒரு மைதானத்திலிருந்து ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். கையில் ஒரு வழித்தாள் கொடுப்பார்கள். எங்கே திரும்ப வேண்டும், எந்தத் துண்டு ரோட்டில் என்ன வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இருக்கும். வழியில் எங்காவது மேசை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கே என்று முன்கூட்டித் தெரியாது. நாம் வந்து சேரும் நேரத்தை அவர்கள் குறித்துக்கொள்வார்கள். தாமதமாக வந்தால் புள்ளி போகும். சீக்கிரம் வந்தால் அதைவிட அதிகமாகப் போகும். ஆகவே ஸ்டியரிங் பிடிப்பவரைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு வழி சொல்கிற நேவிகேட்டருக்குத்தான் வேலை அதிகம்.

இவருக்கு நேவிகேட்டராக இருந்தவர் தொழிற்சாலை நண்பர். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டு மாதம் இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் ஒரு தனியார் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்தேன். பெருக்கல், வகுத்தல் எல்லாம் மனதிலேயே ஓடும். நான் வரட்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, உடனே சரி என்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, வாந்தி வருமே, பரவாயில்லையா என்று மட்டும் கேட்டார்.

வந்தது. ஓடுகிற காரில் குனிந்து படித்தால் வயிறு புரண்டுவிடும். ஒரு பார்வையில் இரண்டு வரியை மனதில் வாங்கிக்கொண்டு உடனே ரோட்டைப் பார்க்கப் பழகினேன். வாயில் இஞ்சி மரப்பா. குழந்தையை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போவோம்.

முதல் வருடம் எங்களுக்கு நடந்ததெல்லாம் ஒரே மாதிரிதான். ஆனேக்கல் பக்கம் போன ஒரு ராலியைச் சொன்னால் போதும். சந்தாபுரா தாண்டி ஏரிக்கரைக்கு முன்னால் ரோடு இரண்டாகப் பிரிந்தது. தாளில் இடது என்று இருந்தது. நான் இடது என்றேன். அவர் வலது பக்கம் திருப்பினார். இடது பக்க ரோடு கல்குவாரியில் போய் முடியும், அந்தப் பக்கமெல்லாம் தனக்கு அத்துப்படி என்றார். குவாரிக்கு அப்பால் புது ரோடு போட்டிருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது. நாங்கள் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தையைக் கூட்டிவரப் போனபோது எங்கள் முகத்தைப் பார்த்த நாத்தனார், வீட்டில் போடுகிற சண்டைக்கு இவ்வளவு பெட்ரோல் ஏன் என்று கேட்டாள்.

அடுத்த ராலிக்கு முன்னால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். நான் சொல்வதை அவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னபடி செய்ய வேண்டும், விவாதம் கிடையாது. முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு அது பிடிக்கவில்லை. டூல் ரூமில் அவருக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள், வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது அவர்கள் வேலை. ஆனாலும் ஒத்துக்கொண்டார். நான் இடது என்றால் அவர் இடது என்பார். நாற்பது என்றால் நாற்பது. முதலில் கிண்டல் குரலில் சொன்னார். பிறகு கிண்டல் போய்விட்டது. பட்டியலின் அடியில் கிடந்த நாங்கள் நடுவுக்கு வந்தோம், பிறகு நடுவுக்கும் கொஞ்சம் மேலே. மைதானத்தில் சிலர் எங்களுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஜெயிப்பதற்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக அப்போது நினைத்தேன். ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருட மழையில் ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு ராலி வந்தது. கண்ணாடி இடுக்கு வழியாகச் சாரல் அடித்து வழித்தாள் ஈரமாகிவிட்டது. தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியை நான் படித்துவிட்டேன். வலது என்றேன். அவர் வலது என்று சொல்லி, ஒரு கணம்கூடத் தயங்காமல் திருப்பினார். நீலகிரித் தைலமரத் தோப்புக்கு நடுவில் கொஞ்ச தூரம் போனதும் ரோடு வண்டித்தடமாகி, அதுவும் ஒரு பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை வாசலில் முடிந்துவிட்டது. கொட்டகைக்காரர் குடையோடு வெளியே வந்து எங்களைப் பார்த்தார்.

நான் தாளைப் பிரித்துப் பார்த்தேன். நேராகப் போயிருக்க வேண்டும். அதைச் சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"தெரியும். முன்னாடி போன வண்டிங்க டயர் தடம் சேத்துல நேராத்தான் போச்சு."

"அப்புறம் ஏன் திருப்பினீங்க?"

"நீ வலதுன்ன. நானும் வலதுன்னு சொன்னேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் இறங்கி, கொட்டகைக்காரரிடம் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டு, அந்த ஆள் கையால் வழிகாட்ட, மெதுவாகக் காரைப் பின்னால் எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க அது என் மனதில் கிடந்தது. வேலை நேரத்தில்கூட அந்தத் திருப்பம் கண்ணுக்கு வரும். தப்பு என்று தெரிந்தே ஒரு மனிதர் எப்படித் திருப்புவார்? கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டா, இல்லை வேறு எதற்காகவா? வீட்டில் யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாகவே அவர் எதற்கும் மறுத்துப் பேசுவதில்லை என்பது புரிந்தது. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் எது என்று நான் சொன்னேன், அவர் சரி என்றார். கூரை ஒழுகுவதைப் பற்றி நான் சொன்னேன், அதற்கும் சரி. நான் அதை நல்லது என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டில் இரண்டு பேரும் காரின் அடியில் காய்ந்து கிடந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். நான் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

"அன்னிக்கு, உனக்கும் ஒரு தடவை தப்பாகட்டும்னு இருந்துச்சு. அதான் திருப்பினேன்."

நான் கையில் இருந்த குச்சியைக் கீழே வைத்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஒருவர் இப்படி ஒரு விஷயத்தைத் தன் வாயால் சொல்வதற்கு எவ்வளவு யோசித்திருப்பார் என்றுதான் தோன்றியது. எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். திருப்பிச் சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்தே என்றார். திருப்பிச் சொல்வது கஷ்டமில்லையாம். தான் பார்க்கிற எதையும் சொல்ல இடமில்லாமல் போனதுதான் கஷ்டமாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் கண், ஆனால் அந்தக் கண்ணுக்குக் காரில் வேலையே இல்லை.

அது சரிதான். நான் தாளைப் பார்க்கிறேன், அவர் ரோட்டைப் பார்க்கிறார். முதல் வருடம் தாளுக்கு மதிப்பில்லை, இரண்டாம் வருடம் ரோட்டுக்கு மதிப்பில்லை. இரண்டு வருடமும் தோற்றுக்கொண்டுதான் இருந்தோம்.

அன்றைக்கு அங்கேயே, கையில் சேற்றோடு, ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எதையாவது பார்த்து அவருக்குச் சரியில்லை என்று பட்டால் 'சந்தேகம்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது, அதற்கு நேரம் இருக்காது. ஒரு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது. அவர் சொன்னால் நான் பதில் பேசாமல் தாளையும் கணக்கையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பார்த்த பிறகு நான் சொல்வதுதான் முடிவு.

சொல்வதற்கு எளிதாக இருந்தது. காரில் உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கேட்கும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். அவருக்கும் எளிதில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டு, நான் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்ன பிறகு, மனதார அந்தப் பக்கம் திருப்ப வேண்டுமே. பாதி மனதோடு திருப்பினால் காரிலேயே தெரிந்துவிடும். ராலி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தாள் இல்லாமலே மாலூர், தேவனஹள்ளி என்று போய்ப் பழகினோம்.

நாங்கள் ஜெயித்த ராலி கனகபுரா பக்கம் நடந்தது. அன்று புது கார் வைத்திருந்த இரண்டு சாஃப்ட்வேர் பையன்கள் எங்களுக்கு முன்னால் கிளம்பினார்கள். ஆரம்பத்திலேயே ஒரு குறுகலான மண் ரோட்டில் அவர் சந்தேகம் என்றார். நான் பார்த்தேன். இல்லை, இடதுதான் என்றேன். இடது என்று சொல்லித் திருப்பினார். அது சரியாகவே இருந்தது.

பாதி தூரத்தில் ஒரு ஊரில் ஜாத்திரை, கோயில் திருவிழா. தேர் நடுரோட்டில் நின்றது. கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ஊர்க்காரர் ஒருவர் கைகாட்டிய பின்பக்கத் தெரு வழியாகச் சுற்றிப் போய், தேருக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். நான் தூரம் காட்டும் மீட்டரைப் பார்த்து, அதை வேகத்தால் வகுத்துக் கணக்குப் போட்டேன். வந்திருக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம் என்று கணக்கு சொன்னது. வேகத்தைக் குறைக்கச் சொன்னேன்.

"குறைக்கிறேன். சந்தேகம்."

எனக்கு எரிச்சல் வந்தது. கணக்கு என் வேலை, ரோடு அவர் வேலை. இது கணக்கு. ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். மறுபடி முதலிலிருந்து போட்டேன். அப்போதுதான் தெரிந்தது. பின்பக்கத் தெருவில் சுற்றியதையும் மீட்டர் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அதிகத் தூரத்தை நான் கழிக்கவில்லை. கழித்தால் நாங்கள் முந்தி வரவில்லை, பிந்தித்தான் போயிருந்தோம்.

"வேகமாப் போங்க, ஐம்பது."

"ஐம்பது."

ஊரைத் தாண்டி இரண்டு வளைவு போனோம். புளியமரத்தடியில் குடை நட்டு மேசை போட்டிருந்தார்கள். நேரம் ஏறக்குறைய சரியாக இருந்தது. கிளம்பிய பிறகு அவரிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கணக்கெல்லாம் தெரியவில்லை, ஊருக்குள் அத்தனை நேரம் நின்றுவிட்டு எப்படி முந்தி வந்திருக்க முடியும் என்று மட்டும் பட்டது என்றார்.

சாயங்காலம் முடிவு சொன்னபோது முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கன்னடத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொன்னார்கள். இரண்டாவது தடவைதான் எழுந்தோம். டிரைவருக்குப் பெரிய கோப்பை, நேவிகேட்டருக்கு அதே மாதிரி சின்னது. அந்தப் புதுக் கார் பையன்கள் தேருக்குப் பிறகு இழந்த நேரத்தைப் பிடிக்கப் பறந்து, மேசைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் இவரிடம் வந்து எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டான். "இவரு ஹேளிதாங்கே ஹோதே, அஷ்டே," என்றார் இவர். இவங்க சொன்னபடி போனேன், அவ்வளவுதான் என்று அர்த்தம். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் தேர், மீட்டர், ஹொஸ்கோட்டே மழை எல்லாவற்றையும் அந்தப் பையனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஜெயிக்கவில்லை. சில தடவை கிட்டத்தில் வந்தோம். குழந்தை பத்தாவது வந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் வந்தது, முன்பு தூசி பறந்த ரோடுகளில் லேஅவுட்டுகள் வந்தன. கடைசியாகப் போன ராலியை முடிக்கவே இல்லை. ராமநகரம் தாண்டி க்ளட்ச் கேபிள் அறுந்தது. யாராவது இழுத்துப்போக வரும் வரைக்கும் மல்பெரித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். மற்ற கார்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. ஒரு காரில் ஓட்டுகிறவன் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தான், பக்கத்தில் இருந்தவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவங்க தோத்துருவாங்க," என்றார் இவர், வாயில் சாதத்தோடு. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அன்று முதல் பரிசு வாங்கியவர்கள் அவர்கள்தான். மறுநாள் ஃபோனில் யாரோ சொல்லி எனக்குத் தெரிந்தது. இவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றி மாட்டினார். அவர்களுக்கு அப்படித்தான் ஒத்து வருகிறதோ என்னவோ என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.