ஏழின் மேல் ஒரு பொட்டு

ஜூன் 15, ஞாயிறு, காலை 6.10. என் ஹாம் ரேடியோ செட்டின் மீட்டரில் இரைச்சல் ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. காரணம் தெரிந்த இரைச்சல்தான்: அடுத்த தெருவில் பிரேமா அக்காவின் ஆக்சிஜன் மெஷின். அதை நிறுத்திவிட்டு நடக்கக் கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். தூத்துக்குடியில் யாரோ மழையைப் பற்றிப் பேசியது பக்கத்து அறைப் பேச்சுபோல் கேட்டது. சந்தோஷப்பட்டேன். சற்று நேரத்தில் அவர் கணவர் குமார் போன் செய்தார். "பிரேமா பூட்டாப்பா. நான்தான் மெஷின நிறுத்துனேன்."

ஞாயிறுதோறும் நாம் ரேடியோவில் கூடும் நெட்டில் ஒவ்வொருவரையும் அழைத்து வருகை எடுத்த அந்தக் குரலை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நுரையீரல் நோயால் தையல் வேலையை விட்ட பிறகும் அதை விடவில்லை. சிக்னல் சரியில்லை என்று நாம் புலம்பினால் ஒரே பதில்தான்: "கேக்கலன்னு சொல்லாத. இன்னா கேக்குதுன்னு சொல்லு."

கோவில்பதாகைக்கு நான் குடிவந்தபோது இரைச்சல் ஒன்பதில் நின்றது. ஆன்டெனாவை இறக்கி ஏற்றினேன். கனெக்டர்களை மறுபடி சால்டர் செய்தேன். வீட்டு மெயினை அணைத்து பேட்டரியில் கேட்டேன். அப்படியே இருந்தது. ஆக, வெளியிலிருந்து வருகிறது. கையடக்க ரேடியோவுடன் தெருத்தெருவாகத் தேடினேன். அக்காவும் வந்தார், மெஷின் இல்லாமல் கொஞ்ச நேரம் தாங்குவார். டீக்கடையின் சீரியல் பல்புதான் காரணம் என்று கடைக்காரரிடம் சண்டையே போட்டேன். ஆனால் அக்கா கூட வந்தபோதெல்லாம் ரேடியோ அமைதியாக இருந்தது.

"நீங்க வந்தா நிக்குதுக்கா. போனா வருது."

"என்னப் பாத்து பயந்துகினு ஓடுது போல. உனுக்குத்தான் பயமே இல்ல."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. படித்தது எலக்ட்ரானிக்ஸ்.

பிறகொரு நாள், அவர் கொடுத்தனுப்பிய குழம்புப் பாத்திரத்தைத் திருப்பித் தரப் போனேன். சட்டைப்பையிலிருந்த ரேடியோ அவர் வாசலிலேயே அலறியது. கட்டிலருகே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நடக்க வரும்போதெல்லாம் அதை நிறுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"இது மொதல்லயே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ உன் ரூம்ல பூந்துக்குவ. நாலு தெரு சுத்தி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? எவன் கூட்டிகினு போறான்?" மூக்கில் குழாயோடு சிரித்தார். "அத்த அமுத்திடட்டா நைனா? உன் ரேடியோ சூப்பரா கேக்கும்."



இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களை மெஷின் வயரில் மாட்டினேன். ஒன்பது ஏழானது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. அக்காவிடம் எரிச்சலோடு சொன்னேன். மறுநாள் என் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தார். மீட்டரைப் பார்த்தார். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஏழின் மேல் ஒட்டினார்.

"இது வரிக்கும் என் எடம். அதுக்கு மேல வர்றவன நீ கேளு."

"நம்பர் மறைக்குதுக்கா."

"மறைக்கட்டும்டா. ஏழு எங்க கீதுன்னு உனுக்குத் தெரியாதா?"

இப்போது செட் பிரமாதமாகக் கேட்கிறது. நான் ஆசைப்பட்டதும் இதற்குத்தான். ஆன் செய்ததும் முள் பொட்டுக்கு வெகு கீழே கிடக்கிறது. பழக்கத்தில் கை ஆன்டெனா கனெக்டரைத் தொட்டுப் பார்க்கிறது. அது இறுக்கமாகத்தான் இருக்கிறது. இதில் நான் சரிசெய்ய ஒன்றுமில்லை.

இனிச் செய்யப்போவது:

1. ஞாயிறு நெட்டை நான் நடத்துவேன். யாராவது கேட்கவில்லை என்றால் கத்தமாட்டேன். என்ன கேட்கிறது என்று கேட்பேன்.

2. மெஷினைப் பாரிவாக்கத்தில் ஒரு நோயாளிக்குக் கொடுக்கிறார் குமார். கொண்டுபோய் வைப்பது என் வேலை. அந்த ஆளுக்கு முடிந்தால், நாலு தெரு நடக்கக் கூட்டிப் போவேன்.

3. டீக்கடைக்காரரிடம் போய்ப் பேச வேண்டும்.

4. செட்டைத் துடைப்பேன். பொட்டை எடுக்கமாட்டேன்.