இரண்டாவது கையெழுத்து

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் சுவிஸில் இருக்கும் ஷ்லீரனுக்கு வந்து சண்முகலிங்கத்தின் தலையைப் பாருங்கள். காலையில் கன்னங்கரேலென்று இருந்த முடி மத்தியானத்துக்குள் பஞ்சாக வெளுத்துவிட்டது. சரி, பாதி முடி.

இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் வார்ப்புகளின் பிசிறை கிரைண்டரால் சீவுவது அவர் வேலை. கிரைண்டர் வட்டை மூடும் காப்புத் தகட்டை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று பகுதித் தலைவனான மைஸ்டரே கழற்றி வைத்திருந்தான். போன வருடம் அதில், கூட வேலை செய்த பாலேந்திரனின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின. 'தகட்டை நான்தான் கழற்றினேன்' என்று அவன் சொன்னதாக விபத்துத் தாளில் ஜெர்மன் மொழியில் எழுதியவர் சண்முகலிங்கம். "இங்கை இருக்கிற பெர்மிட்டுக்குப் பிரச்சினை வரும், இடக்கையாலை கையெழுத்தை வையடா தம்பி" என்றவரும் அவரே. மைஸ்டர் எதைச் சொன்னாலும் 'ஓம்' போட்டுப் பழகிய வாய்!

இப்போது அதே கிரைண்டர் அவர் கைக்கு வந்தது. தகடு கேட்டார். வேலை செய், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றான் மைஸ்டர். சண்முகலிங்கத்துக்கு வந்த கோபத்துக்கு உலையே தேவையில்லை, இரும்பு தானாக உருகியிருக்கும்.

மத்தியானம் 12.07. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இவர் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தார்.

12.11. கிர்ர்ர்ர்... கிரைண்டர் சுற்றியது. பிளக் அவர் காலடியில் கிடந்தது.

யாரோ அவர் வலக்கையைப் பிடித்தார்கள். குளிராக. இரண்டே இரண்டு விரல்களால்...

இழுத்தார்கள். வட்டின் பக்கம்.

"அண்ணை... நான் கழற்றேல்லை."

காதுக்குள். கோபமாக.

ஒரு சாண்... நாலு விரற்கடை...

"எழுதுறன்! எழுதுறனடா!"

நின்றது.

12.16. மைஸ்டரின் மேசையிலேயே எழுதினார். தகட்டைக் கழற்றியது மைஸ்டர், பொய் எழுதியது நான். கையெழுத்திட்டார். சாப்பிட்டு வந்த மைஸ்டர் தாளைப் பார்த்தான். முகம் வெளிறியது.

இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று கேட்டான்.

கீழே, கரித்தூளில்... பாலேந்திரன். இடக்கைக் கிறுக்கல் இல்லை. விரல்கள் போகுமுன் வைத்த அதே அச்சுக் கையெழுத்து.

பாசல் நகரில் இருக்கும் பாலேந்திரனின் மனைவி ஜெயமலருக்குச் சண்முகலிங்கம் போன் எடுத்தார்.

"பிள்ளை, உண்மையை எழுதிப்போட்டன். அவனிட்டைச் சொல்லு."



"இப்பவோ எழுதினியள், அண்ணை? இவர் விடியக்காலமை ஐஞ்சு நாற்பதுக்கே செத்துப்போனார். கடைசியாக் கேட்டது ஒரு பேனை. இல்லாத விரலாலை பிடிக்கப் பார்த்தவர்."