அக்கா சொன்ன வாக்கியமும் நான் எழுதிய வாக்கியமும்

அக்காவின் இந்த நினைவு மலருக்கு வந்த கட்டுரைகளையெல்லாம் அச்சுக்குக் கொடுக்கும் முன் நான்தான் படித்துச் சரிபார்த்தேன். எல்லோரும் அக்காவை "எப்போதும் சிரித்த முகம்" என்று எழுதியிருக்கிறார்கள். பொய். கடைசி ஏழு மாதங்கள் அக்கா சிரிக்கவே இல்லை. அதற்கு நோய்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். முதலாண்டு நினைவு நாளில், சாப்பாட்டுக்கு முன்னால், இந்தக் கசப்பு எதற்கு என்று என் மனைவி கேட்டாள். வேறு எப்போது சொல்வது? இத்தனை பேர் இனி எப்போது ஒன்றாகக் கூடப்போகிறீர்கள்?

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், ஆறு குடித்தனங்களுக்கு ஒரே குழாய் இருந்த வீட்டில். "கெட்டும் பட்டணம் சேர்" என்று தெற்கேயிருந்து வந்த எங்கள் அப்பா, தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் முப்பது வருடம் நின்றவர். நின்றவர் என்றால் நின்றவர்தான். விற்பனையாளர் உட்கார அந்தக் கடையில் நாற்காலி கிடையாது. அக்கா கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்தார். வீட்டில் நான் அக்காவை "நீ, வா, போ" என்றுதான் பேசுவேன். மலர் என்பதால் "அவர்" என்று எழுதுகிறேன். இருந்திருந்தால் "என்னடா இது புது மரியாதை?" என்று கேட்டிருப்பார்.

கணக்கில் அக்கா புலி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு பெரிய கல்லூரியில் கணித ஆனர்ஸ் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனார். கேட்ட கணக்குக்கு விடை தெரியும், ஆங்கிலத்தில் விளக்கத் தெரியவில்லை. தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் சிரித்துவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றாராம். அக்கா அழவில்லை. வேறொரு கல்லூரியில் சாதாரணப் பட்டப்படிப்பில் சேர்ந்து, முனைவர் பட்டம்வரை படித்து, கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை.

ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பேரை எழுதி இந்த மலரைக் கெடுக்க எனக்கும் மனமில்லை. அங்கே ஆனர்ஸ் வகுப்பை ஆரம்பித்து, பதினெட்டு வருடம் நடத்தியது அக்கா. அதில் இரண்டு வழக்கங்களை வைத்திருந்தார். ஒன்று, மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. விண்ணப்பித்த பிள்ளைகளை ஒருநாள் முழுக்க ஓர் அறையில் உட்காரவைத்து ஒரே ஒரு கணக்கைக் கொடுப்பார். தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசலாம், டீ குடிக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் சண்டை போடலாம். விடை வரவேண்டும் என்பதே இல்லை. தப்பு என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்ப்பார். அதற்கு "உட்காரும் நாள்" என்று பெயர். இரண்டாவது, தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் ஆங்கிலத்துக்கென்று தனி வகுப்பு. அதை அக்காவே எடுப்பார். "கணக்கு தெரிஞ்ச பிள்ளைய இங்கிலீஷ் கேட்டுத் துரத்தக் கூடாதுடா" என்பார். ஏன் சொல்கிறார் என்று எனக்கல்லவா தெரியும்!

அக்கா ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, ஆனர்ஸ் வகுப்பின் எதிர்காலத்தைத் திட்டமிட ஒரு குழு போட்டார்கள். அக்காதான் தலைவர். அதில் ஒரு டீன் இருந்தார். அவருக்கு உட்காரும் நாள் பிடிக்காது. கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத் தேர்வு, வெளிநாட்டுக்கு ஒரு மாதப் பயணம், ஆனர்ஸுக்கு ஒரு பிராண்டு, இதெல்லாம்தான் அவருக்கு எதிர்காலம். "மேடம், உங்க முறை ரொம்ப நல்ல முறை. ஆனா ஒரு நாள் முழுக்க ஆகுதே" என்பாராம். நாலு வருடம் படிக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு நாள் அதிகமாம்!

அந்தச் சமயத்தில்தான் நோய் தெரிந்தது. அடையாறில் சிகிச்சை. நான் அக்காவைவிட ஒரு வயதுதான் சின்னவன், அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதியே ஐம்பத்தெட்டில் ஓய்வுபெற்றவன். அதனால் அக்கா திட்ட அறிக்கையைச் சொல்லச் சொல்ல, மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியில் நான் தட்டினேன். வாந்திக்கும் மயக்கத்துக்கும் நடுவே, பத்து வருடம் கழித்து அந்த வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே போனார். யார் யார் பாடம் எடுக்கலாம், மாவட்டப் பள்ளிகளுக்கு எப்படித் தகவல் போக வேண்டும், எல்லாம். தானே இருந்து நடத்தப்போவதுபோலச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டினேன்.

கடைசிப் பக்கத்துக்கு அக்கா சொன்ன வாக்கியம் கடுமையாக இருந்தது. எனக்குத் திக்கென்றது. மேலே இருப்பவர்களிடம் இப்படியா பேசுவது? அதை அப்படியே தட்டவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, அக்காவைக் கேட்காமல், எனக்குத் தெரிந்த பாஷையில் எழுதினேன்: "மேற்கண்ட இரு நடைமுறைகளும் தொடர்வது விரும்பத்தக்கது, எனினும் நிர்வாக வசதிக்கேற்ப உரிய முடிவு எடுக்கப்படலாம்." முப்பத்திரண்டு வருடம் எந்தக் குறிப்பையும் நான் வேறு மாதிரி முடித்ததில்லை. பணிவாகக் கேட்டால் வேலை நடக்கும் என்று நம்பியவன் நான். அக்காவுக்குக் கெட்ட பெயர் வராமல் காப்பாற்றிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன். முட்டாள்!

மறுநாள் கையெழுத்துப் போடும்போது அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. "நீ ஒருவாட்டி படிச்சிட்டியா?" என்று கேட்டார். "படிச்சிட்டேன்க்கா" என்றேன். "அப்ப சரி" என்று போட்டுவிட்டார்.

குழுக் கூட்டத்தன்று மருத்துவமனையிலிருந்து நேராக ஆட்டோவில் போனோம். தலையில் துணி கட்டியிருந்த அக்காவைக் கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர், "இன்னாம்மா, பள்ளத்துல தூக்கிப்போடுதா? மெதுவா போறேன்" என்று பார்த்துப் பார்த்து ஓட்டினார். நான் கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா முக்கால் மணி நேரம் பேசினார். அப்புறம் டீன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நான் எழுதிய வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தார். "மேடமே பெரிய மனசோட சொல்லிட்டாங்க, நிர்வாக வசதிப்படி செய்யலாம்னு. அப்புறம் என்ன விவாதம்?" என்றார்.

அக்கா அந்தத் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இது நான் சொன்னதில்லை, என் தம்பி மாற்றிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வெளியில்தானே இருந்தேன், கூப்பிட்டிருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். கூப்பிடாமல் நானாகவும் போகலாம்தான். போகவில்லை. அக்கா, "கையெழுத்து என்னுது" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் உட்காரும் நாளையும் தனி வகுப்பையும் எடுத்துவிட்டுக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். உள்ளே போண்டாவும் காபியும் போயின.

திரும்பும்போது லஸ் சிக்னலில் ஆட்டோ நின்றதும் அக்கா கேட்டார்.

"நீ எழுதினதா?"

"ஆமாக்கா. அவங்க கோவிச்சுக்கக் கூடாதேன்னு..."

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆபீஸ்ல மெச்சிக்கிட்டிருப்பாங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு மாதம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மாத்திரை கேட்பார், தண்ணீர் கேட்பார், என் பேரனின் படிப்பைக்கூடக் கேட்பார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அக்காவை எடுத்துச் செல்லும் முன் செல்வராணி என்ற பெண் வந்தார். உட்காரும் நாளில் தேர்வாகி வந்தவர், இப்போது அவரே ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். மாலையைப் போட்டுவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், நாங்க எல்லாரும் அந்த ரிப்போர்ட்டைப் படிச்சோம். மேடம் ஏன் சார் எங்களைக் கைவிட்டாங்க?" என்று கேட்டு அழுதார். "உடம்பு முடியலம்மா" என்றேன். செத்துக் கிடக்கும் அக்காவின்மேல் இன்னொரு பொய்யையும் போர்த்தினேன்.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து புகைப்படம் கேட்டு ஆள் வந்தது, கொடுத்தோம். புதிய ஆனர்ஸ் வகுப்பின் விளம்பரப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே அக்கா படம். "எங்கள் முன்னோடி" என்று கீழே போட்டிருக்கிறார்கள். இந்த வருடம் சேர்ந்தவர்களில் தமிழ் வழியில் படித்த பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று செல்வராணிதான் விசாரித்துச் சொன்னார். அன்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களே, அதே மாதிரி அறையாக இந்த வகுப்பையும் ஆக்கி, அதில் அக்காவின் படத்தை மாட்டிவிட்டார்கள். ஆணி அடித்துக் கொடுத்தவன் நான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. ஏழு மாதமும் மிளகு ரசம் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அம்மாளுக்கு நன்றி. மெதுவாக ஓட்டிய அந்த ஆட்டோக்காரருக்கு நன்றி, பெயர் கேட்கத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்துக்கு நன்றி கிடையாது. ஆனால் மலரின் பிரதிகள் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் போகின்றன.

செல்வராணி, அக்கா உங்களைக் கைவிடவில்லை. மருத்துவமனை பெஞ்சில் அவர் சொன்னது இதுதான். ஒரு சொல்லையும் நான் தொடவில்லை:

"இந்த ரெண்டும் இல்லாம ஆனர்ஸ் நடத்துறதா இருந்தா, நடத்தாதீங்க. மூடிடுங்க. வாசல்ல நிக்கிற பிள்ளைய உள்ள விடாத வகுப்புக்கு என் பேரும் வேண்டாம், என் படமும் வேண்டாம்."

இந்த முறை கையெழுத்து என்னுது, அக்கா.

— தம்பி